பள்ளியில் ஆய்வு செய்ய அனுமதி: எந்தக் கடிதம் முதலில், எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

முதுகலைப் படிப்புக்காகத் தமிழ்ப்பள்ளிக்குள் போய்த் தரவு எடுக்கப் போகிறீர்களா? வினாநிரலைத் தூக்கிக்கொண்டு தெரிந்த தலைமையாசிரியரிடம் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமில். ஊருக்குள் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், ஊரைச் சுற்றி செம்பனைத் தோட்டங்கள், தோட்டத்துப் பெயரிலேயே நடக்கும் தமிழ்ப்பள்ளிகள். மொழி கற்பித்தல் பற்றி ஆய்வு செய்ய ஆசைப்பட்டு, பகலில் பாடம் நடத்திவிட்டு இரவில் படிக்கும் ஆசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் பாதியிலேயே நின்றுபோனார்கள். ஆய்வு செய்யத் தெரியாததால் அல்ல. எந்தக் கடிதத்தை எதற்கு முன் வாங்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. தாமதமான ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டணம் மட்டும் தவறாமல் போனது.

விதி சின்னதுதான். கல்வி அமைச்சின் கீழ் உள்ள இடங்களில் பட்டப்படிப்புக்காகத் தரவு எடுக்க வேண்டுமானால், புத்ராஜெயாவில் உள்ள கல்விக் கொள்கை திட்டமிடல், ஆய்வுப் பிரிவிடம் அனுமதி வாங்க வேண்டும். எல்லாரும் 'இபிஆர்டி' என்று சொல்வது இந்தப் பிரிவைத்தான். விண்ணப்பம் 'இ-ராஸ்' என்ற இணைய அமைப்பு வழியாகப் போகும். அந்தக் கடிதம் வந்த பிறகு மாநிலக் கல்வி இலாகா, அதாவது ஜேபிஎன், தன் பங்குக்கு ஒரு கடிதம் தரும். அதற்கப்புறம்தான் பள்ளி.

முதல் தவறு வாசலிலேயே நடக்கிறது. கல்வி அமைச்சும் உயர்கல்வி அமைச்சும் ஒன்றல்ல. 2004-ல் பிரிந்தார்கள், 2013-ல் சேர்ந்தார்கள், 2015-ல் பிரிந்தார்கள், 2018-ல் சேர்ந்தார்கள், 2020-ல் மறுபடி பிரிந்தார்கள். இதில் குழம்பிப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குழப்பத்தின் விலையைக் கொடுப்பது நீங்கள். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன் கல்லூரி, ஆசிரியர் கல்விக் கழகம் எல்லாம் கல்வி அமைச்சைச் சேர்ந்தவை. இவற்றுக்கு இ-ராஸ் வேண்டும். பல்கலைக்கழகம், பொலிடெக்னிக், சமூகக் கல்லூரி ஆகியவை உயர்கல்வி அமைச்சைச் சேர்ந்தவை. இவற்றுக்கு இ-ராஸ் அனுமதி செல்லாது. அந்தந்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

பல்கலைக்கழக நுழைவுக்கான மூவெட் ஆங்கிலத் தேர்வுக்கு மாணவர்கள் எப்படித் தயாராகிறார்கள் என்று ஆராயும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் படிவ மாணவரைப் பேட்டி கண்டால் ஒரு வாசல். அதே தேர்வை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக முதலாண்டுக்கு வந்துவிட்ட மாணவரைப் பேட்டி கண்டால் வேறு வாசல். இரண்டு கூட்டமும் உங்கள் ஆய்வில் இருந்தால் இரண்டு வாசலையும் தட்டியாக வேண்டும். இதை ஆய்வு முன்மொழிவு எழுதும்போதே கவனியுங்கள். பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் போதும் என்றால் வேலை பாதியாகக் குறையும்.

அடுத்தது, ஆளைச் சுற்ற வைக்கும் வட்டம். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, "பள்ளி சம்மதித்ததற்குக் கடிதம் எங்கே?" என்று கேட்கும். தலைமையாசிரியர், "ஜேபிஎன் கடிதம் கொண்டு வாங்க, டீச்சர்" என்பார். ஜேபிஎன், "இபிஆர்டி கடிதம் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது" என்று சொல்லும். இபிஆர்டிக்கோ பல்கலைக்கழகத்தின் உறுதிக் கடிதம் வேண்டும். ஒவ்வொருவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் கேட்கும்போதுதான் மனிதர் நடுத்தெருவில் நிற்கிறார். இதைத் தெரிந்திருந்தும் அவர்களில் யாரும் ஒரு பக்கத் தாளில் வரிசையை அச்சடித்து ஒட்டி வைப்பதில்லை.

வட்டத்தை உடைக்கும் வழி இது. தலைமையாசிரியரிடம் அனுமதிக் கடிதம் கேட்காதீர்கள். "அமைச்சும் மாநில இலாகாவும் அனுமதி கொடுத்தால் எங்கள் பள்ளியில் ஆய்வு செய்ய ஆட்சேபம் இல்லை" என்று ஒரு நிபந்தனைக் கடிதம் கேளுங்கள். நீங்களே மலாயில் தட்டச்சு செய்து எடுத்துப் போங்கள். பள்ளிக் கடிதத்தாளில் போட்டுக் கையெழுத்திடுவது அவருக்குச் சுலபம், பொறுப்பும் அவர் தலையில் விழாது. அதைக் கொண்டு நெறிமுறைக் குழுவை முடியுங்கள். பிறகு இ-ராஸ். பிறகு ஜேபிஎன். கடைசியாக அதே தலைமையாசிரியரிடம் எல்லாக் கடிதங்களின் நகலோடும் திரும்பப் போங்கள். மாவட்டக் கல்வி இலாகாவுக்கு ஒரு நகல் கொடுத்துவிட்டால் பின்னால் கேள்வி வராது. ஆனால் மாவட்டத்தில் உங்களுக்கு வேண்டியவர் இருக்கிறார் என்பதற்காக அவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் பள்ளிக்குள் போகாதீர்கள். பெற்றோர் ஒருவர் புகார் கொடுத்தால் வாய்ச்சொல் உங்களைக் காப்பாற்றாது.

தலைப்பு விஷயத்தில் நிறையப் பேர் அடிபட்டிருக்கிறார்கள். இபிஆர்டி கடிதத்தில், நீங்கள் அனுப்பிய ஆய்வு முன்மொழிவையும் ஆய்வுக் கருவிகளையும் வைத்தே அனுமதி தரப்படுகிறது என்று ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்திக்கு உயிர் உண்டு. சீக்கிரம் முடிக்கலாம் என்ற ஆசையில் முன்மொழிவைத் தேர்வாளர் முன் தற்காப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுகிறார்கள். தற்காப்பில் தேர்வாளர் தலைப்பை மாற்றச் சொல்வார். வினாநிரலில் பத்துக் கேள்வியை வெட்டி ஐந்தைச் சேர்க்கச் சொல்வார். இப்போது கையில் இருக்கும் அனுமதி, நீங்கள் செய்யாத ஓர் ஆய்வுக்கு. மறுபடி முதலிலிருந்து. ஆகவே தற்காப்பு முடிந்து, திருத்தம் முடிந்து, மேற்பார்வையாளர் "இனி மாற்றம் இல்லை" என்று சொன்ன பிறகு விண்ணப்பியுங்கள். அவர் அதை மின்னஞ்சலில் சொன்னால் இன்னும் நல்லது.

தமிழில் வினாநிரல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாம் என்பதால் விண்ணப்பமும் தமிழில் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். 1956-ல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் ஆய்வேட்டுக்கு நீண்ட மரபு இருக்கிறது. ஆனால் புத்ராஜெயாவில் உங்கள் கோப்பைத் திறக்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவர் தனக்குப் புரியாத கேள்வித்தாளுக்கு எப்படி அனுமதி தருவார்? தமிழ் வினாநிரல், பேட்டிக் கேள்விகள், வாசிப்புச் சோதனைப் பனுவல் எல்லாவற்றுக்கும் மலாய் மொழிபெயர்ப்பைச் சேர்த்தே பதிவேற்றுங்கள். கேள்வி எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். முன்மொழிவின் சுருக்கத்தையும் மலாயில் வையுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு "உள்ளே ஆள் இருக்கிறது, முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் அடையாள அட்டை நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்த ஊர்க்காரர்கள் மாட்டும் இடம் பெர்ணம் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் தஞ்சோங் மாலிம், பேராக். பாலத்தைத் தாண்டினால் உலு பெர்ணம், சிலாங்கூர். நமக்கு அது ஒரே ஊர். சந்தைக்குப் போகிறவர் மாநில எல்லையைத் தாண்டுவதாக நினைப்பதே இல்லை. கடிதத்துக்கு அது வேறு மாநிலம். ஈப்போவில் உள்ள பேராக் ஜேபிஎன் தரும் கடிதம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் செல்லாது. சிலாங்கூர் கடிதத்தை ஷா ஆலாமில் வாங்க வேண்டும். தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவு என்பதால் பலர் அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்புவார்கள். சேர்க்கும்போது எந்தப் பள்ளி எந்த மாநிலம் என்று பாருங்கள். மாதிரி குறைந்துவிடும் என்ற சந்தேகம் இருந்தால், ஒன்றிரண்டு பள்ளிகளை முதல் விண்ணப்பத்திலேயே கூடுதலாக எழுதிவிடுங்கள். எழுதிய பள்ளியை விட்டுவிடுவது எளிது. எழுதாத பள்ளியைப் பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

தேர்வு வகுப்பு மாணவர்களை ஈடுபடுத்தக் கூடாது, பாட நேரம் கெடக் கூடாது என்று ஜேபிஎன் கடிதங்கள் வழக்கமாக நிபந்தனை போடும். அதைக் காட்டி ஆறாம் ஆண்டைத் தொடவே கூடாது என்று இன்னும் சில பள்ளிகளில் மறுக்கிறார்கள். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-லேயே ரத்தாகிவிட்டது. மரியாதையாக அதை எடுத்துச் சொல்லலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஆறாம் ஆண்டு கூடாது என்று எழுதியிருந்தால் வாதாட வேண்டாம், கடிதமே விதி. அப்புறம் ஒன்று: இத்தனை கடிதம் இருந்தாலும் தலைமையாசிரியர் "இந்த மாதம் முடியாது" என்று சொல்லலாம். அனுமதிக் கடிதம் அவருக்கு இடப்பட்ட கட்டளை அல்ல. விளையாட்டுப் போட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், ஆண்டிறுதித் தேர்வு ஆகியவற்றின் தேதிகளை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"என் சொந்த வகுப்புதானே, எனக்கு எதற்கு அனுமதி?" என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். உங்கள் பாடத்தைச் செம்மைப்படுத்தத் தலைமையாசிரியருக்குத் தெரிந்து நீங்கள் செய்யும் செயலாய்வு வேறு. அதே தரவு நாளைக்கு உங்கள் முதுகலை ஆய்வேட்டில் ஏறப்போகிறது என்றால் அனுமதி வேண்டும். அதுவும் தரவு எடுப்பதற்கு முன் வேண்டும். கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்கும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் முதலில் புரட்டுவது பின்னிணைப்பை. கடிதம் மே மாதம், வாசிப்புச் சோதனை மார்ச் மாதம் என்றால் அங்கேயே முடிந்தது கதை. தேதியை மாற்றி எழுதச் சொல்லி ஆலோசனை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள், பட்டத்தோடு வேலையும் போகலாம். காலம் முடியப் போகிறது என்றால் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேளுங்கள்.

இனி பெற்றோர்களுக்கு. இதை எழுத உட்கார்ந்ததே பாதி உங்களுக்காகத்தான்.

உங்கள் பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் உங்கள் சம்மதம் கேட்டாக வேண்டும். தோட்டத்து வீட்டில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்டு, அப்பா லாரியில் வெளியூர், வீட்டில் பாட்டிதான். பிள்ளை பையிலிருந்து மலாயில் அச்சடித்த ஒரு தாளை எடுத்து நீட்டும். "ஸ்கூல்ல கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க பாட்டி." புத்தகப் பண உதவி ஏதோ வருகிறது என்று நினைத்துப் பாட்டி கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள் கோப்பில் சம்மதமாகிவிடும். இது சம்மதம் இல்லை. ஆய்வாளர்களே, தாளைத் தமிழிலும் கொடுங்கள்; ஒரு மாலை நேரம் பெற்றோரைக் கூட்டி வாயாலும் சொல்லுங்கள். பெற்றோர்களே, முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சரி என்று சொன்ன பிறகும் நடுவில் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். அதனால் பிள்ளையின் மதிப்பெண் குறையும் என்று யாராவது சொன்னால் அது பொய். படம், காணொளி எடுப்பதற்குத் தனியாகச் சம்மதம் கேட்கச் சொல்லுங்கள்.

பெயரை மறைத்துவிட்டோம் என்று ஆய்வாளர்கள் நினைக்கும் இடத்தில்தான் தோட்டப் பிள்ளைகளுக்கு அநியாயம் நடக்கிறது. 150 பிள்ளைகளுக்குள் இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. நம் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு வகுப்பில் ஏழு பேர்தான். "மாணவர் 3, பெண், நான்காம் ஆண்டு, தாத்தா பாட்டி பராமரிப்பு, வாசிப்பில் மிகப் பின்தங்கியவர்" என்று எழுதினால் அது யார் என்று கடைக்காரருக்குக்கூடத் தெரியும். ஒரு கருத்தரங்கில் இப்படி ஒரு வரி திரையில் ஓடியபோது அந்தப் பிள்ளையின் சொந்தக்காரர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பள்ளிப் பெயர், தோட்டப் பெயர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஆண்டு, பாலினம், குடும்ப நிலை மூன்றையும் ஒரே வரியில் கோக்காதீர்கள். மாவட்டப் பெயரே போதுமா, அதுவும் வேண்டாமா என்று யோசியுங்கள்.

ஆய்வு முடிந்த பிறகும் கடிதத்தில் இரண்டு கடமைகள் மிச்சம் இருக்கும், நிறையப் பேர் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. ஒன்று, இறுதி அறிக்கையின் நகலை இபிஆர்டிக்குக் கொடுக்க வேண்டும். மற்றொன்று, முடிவுகளைக் கருத்தரங்கில் படைக்கவோ பத்திரிகைக்குச் சொல்லவோ போகிறீர்கள் என்றால் முன்கூட்டி அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். கருத்தரங்கக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, விமானச் சீட்டையும் எடுத்துவிட்டு அப்புறம் இந்தப் பத்தியைப் பார்க்காதீர்கள். பள்ளிக்கும் ஒரு நகல் கொடுங்கள். விதி கேட்கிறதோ இல்லையோ, பிள்ளைகளையும் பாட நேரத்தையும் கொடுத்தது அவர்கள்.