வடு: ‘ஸ்டிக்மா’வுக்கு ஒரு தமிழ்ச் சொல்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். கும்பிட்டு முடித்து, சட்டையை வயிற்றோடு அணைத்தபடி வெளியே வருகிறவனை மாமி ஒருவர் மறிக்கிறார். “தம்பி, நன்றாக மொத்தமாகிவிட்டாய். இப்படியே போனால் யார் பெண் தருவார்கள்?” (தமிழ்நாட்டில் மொத்தம் கூட்டுத்தொகை, யாழ்ப்பாணத்தில் அது உடற்பருமனும்கூட.) வயிற்றைப் பற்றித்தான் பேசினோம் என்று மாமி நினைக்கிறார். ஆண்களையே விரும்புகிறவனுக்கு அது ஒரே பேச்சில் இரண்டு சூடு.

ஒருவரை ஊர் இழிவாகப் பார்க்கவைக்கிற அடையாளத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்டிக்மா’ என்பார்கள். அது கிரேக்கச் சொல். கூரிய கருவியால் தோலில் குத்திய குறி என்பது மூலப்பொருள். தப்பியோடிப் பிடிபட்ட அடிமைகளுக்கு அப்படிக் குத்தினார்கள். அதே பெயரில் 1963இல் நூல் எழுதிய சமூகவியலாளர் எர்விங் கொஃப்மன், கண்ட உடனே தெரிகிற குறி, தெரிந்துவிடுமோ என்று மறைத்துவைக்கிற குறி என இரண்டாகப் பிரித்தார். பருமன் முதல்வகை. தன்பாலீர்ப்பு பெரும்பாலும் இரண்டாவது. கோயில் வாசலில் நிற்கிறவனிடம் இரண்டும் உண்டு; முதலாவது இழுத்துவரும் கண்களுக்கு நடுவில்தான் அவன் இரண்டாவதை ஒளிக்கவேண்டும்.

தமிழில் இதைப் பெரும்பாலும் ‘களங்கம்’ என்று பெயர்க்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வடசொல் என்பதற்காக அல்ல. நிலவின் களங்கத்தைப் பாடாத புலவர் எத்தனை பேர்? களங்கம் என்றால் கறை உடையவரிடமே ஊறிக் கிடக்கிறது, அதைப் பூசிய கை தெரிவதில்லை. வடு என்றதும் சுட்டது யார் என்ற கேள்வி வந்துவிடும். ‘நாவினாற் சுட்ட வடு’ என்ற குறளில் (129) அது தழும்பு. ‘வடுவன்று வேந்தன் தொழில்’ என்ற குறளில் (549) பழி. உடலில் பட்ட குறியே பழியாகவும் ஆகிற அந்த வழியைத்தான் கிரேக்கச் சொல்லும் கடந்திருக்கிறது. மாவடுவை இங்கே இழுக்கவேண்டாம்.

பருமனும் தன்பாலீர்ப்பும் சேர்ந்து வருவதை ‘இரட்டைக் களங்கம்’ என்பதும் போதாது. அது வெறும் கணக்கு. பருமனைப் பகிடி பண்ண உறவினருக்கு உரிமையே உண்டு என்பது ஊர் வழக்கம். மற்றதற்கு, தன்பால் உறவைக் குற்றமாக்குகிற, இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு இருக்கிறது. தன்பாலீர்ப்பாளர் நடுவிலாவது நிழல் கிடைக்குமா என்றால், ‘குண்டர்கள் வேண்டாம்’ என்று டேட்டிங் செயலியின் முகப்பிலேயே எழுதிவைக்கிறவர்கள் உண்டு. 1976இல் சான் பிரான்சிஸ்கோவில் பருமனான தன்பாலீர்ப்பு ஆண்கள் ‘கேர்த் அன்ட் மேர்த்’ என்று தனிக் கழகமே தொடங்கினார்கள். சுற்றளவும் களிப்பும் என்று பொருள். பகிடிதான், ஆனால் அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பகிடி.

சுட்ட இடத்திலேயே மறுபடி சுடுவதால், நான் ‘வடுமேல் வடு’ என்றே எழுதுகிறேன். கூடவே ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற சொல்லையும் விட்டுவிடலாம். அது ஆளைப் படுக்கையோடு முடித்துவிடுகிறது. நல்லூரில் கும்பிட்டு வந்தவன் அதற்குள் அடங்கமாட்டான்.