விலக்குச் சீட்டு

"மூன்று மாதங்களுக்கு விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்கவும்." பிசியோதெரபிஸ்டாக இந்த ஒரு வரியை எத்தனை முறை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. எழுத அரை நிமிடம் போதும். அது ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று எனக்குக் காட்டியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பள்ளி கோ-கோ அணியில் இருந்தாள். ஆட்டத்தில் கணுக்கால் பிசகிவிட்டது. எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்கு. சில வாரங்களில் ஆறிவிடக்கூடியது. கிரேப் பேண்டேஜ், சில பயிற்சிகள், கூடவே அந்த விலக்குச் சீட்டு. ஏழு மாதம் கழித்துத் திரும்ப வந்தாள். வீக்கம் இல்லை, மூட்டு உறுதியாக இருந்தது, எம்ஆர்ஐயிலும் குறை எதுவும் இல்லை. வலி மட்டும் போகவில்லை.

"எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்னு சொல்றாங்க சார். அப்ப இவ நடிக்கிறாளா?" என்றார் அம்மா. அவள் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடிக்கவில்லை. மூன்று மாதத்தைத் தாண்டி நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். பதின்வயதுக்காரர்களிடம் இது அபூர்வம் இல்லை. தலைவலி, வயிற்றுவலி, முதுகுவலி, மூட்டுவலி என்று ஏதோ ஒன்று, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. புண் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் உஷார் நிலையிலேயே இருந்துவிடுவது உண்டு. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று தனிக் குறிப்பாகவே சேர்த்தது. ஸ்கேனில் தெரியாவிட்டாலும் வலி வலிதான்.

சரி, ஏன் போகவில்லை? காலைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்திருந்தேன். அப்புறம் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், "மதியம் யாரோட சாப்பிடுற?"

வகுப்பு இரண்டாம் மாடியில். தோழிகள் சாப்பிடுவது கீழே, மைதானத்து ஓரப் புங்கமரத்தடியில். இவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் டப்பாவை மூடிக்கொண்டிருப்பார்கள். முதல் இரண்டு வாரம் பையைத் தூக்கி வந்தார்கள், காத்திருந்தார்கள். அப்புறம் ஒருத்தி, "உனக்கு இன்னுமா சரியாகல?" என்று கேட்டாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து இவள் வகுப்பிலேயே தனியாகச் சாப்பிடத் தொடங்கிவிட்டாள். விளையாட்டு வகுப்பிலோ, என் சீட்டின் புண்ணியத்தில், நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அணியின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தும் தானே வெளியே வந்துவிட்டாள்.

யாரும் சண்டை போடவில்லை, யாரும் கேலி செய்யவில்லை. கேலி இருந்தால் பெரியவர்கள் கண்ணில் படும், இது படாது. வலி அவளை ஒதுக்கியது, தனிமையில் கவனம் முழுக்கக் காலிலேயே நின்றது, வலி ஏறியது.

2003இல் வெளியான ஓர் ஆய்வில், கணினியில் பந்து வீசி விளையாடும்போது ஒருவருக்கு மட்டும் பந்து வராதபடி செய்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். வலி தரும் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி அப்போதும் கூடுதலாக வேலை செய்தது. ஒதுக்கப்படுவதும் உடல்வலியும் ஒன்றேதான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதன் மேல் நிறைய விவாதம் நடந்திருக்கிறது. ஆனால், பெரியவர்களுக்கே முகம் தெரியாதவர் பந்து போடாதது உறைக்கிறது என்றால், பதினான்கு வயதில் கூடவே இருந்த கூட்டம் நகர்ந்துபோவது எப்படி இருக்கும்?

சீட்டை மாற்றி எழுதினேன். "ஓடவோ குத்துக்காலிட்டு உட்காரவோ வேண்டாம். மைதானத்துக்கு வர வேண்டும்." உடற்கல்வி ஆசிரியையிடமும் பேசினேன். நேரம் பார்ப்பதும் ஸ்கோர் எழுதுவதும் அவள் வேலையாயின. கூடவே பயிற்சி: வலி முழுக்கப் போகட்டும் என்று காத்திருக்காமல், வாரா வாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போவது.

நெருங்கிய தோழியை ஒருநாள் அழைத்து வரச் சொன்னேன். இருவரும் சேர்ந்து சிரித்துச் சிரித்து என் நேரத்தைப் பாழாக்கினார்கள். நான் சொன்னது ஒன்றுதான்: தினமும் "வலிக்குதா?" என்று கேட்க வேண்டாம். நம்பாமல் போவது எவ்வளவு கெடுதலோ, அவளை எப்போதும் நோயாளியாகவே நடத்துவதும் கிட்டத்தட்ட அவ்வளவு கெடுதல். யாருக்கு யாரோடு டூ, கணக்கு டெஸ்டில் என்ன வந்தது, இதையெல்லாம் பேசட்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா வலியையும் நட்புக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தூக்கத்தில் எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைவது, மூட்டு வீக்கம், மலத்தில் ரத்தம், கை கால் பலவீனம், இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளை மனம் உடைந்து பேசினால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம்.

அவளுக்கு வலி முழுக்க விட்டுவிடவில்லை. படி ஏறினால் சில நாள் இன்னும் இருக்கிறது என்கிறாள். போன வாரம் அரை மணி நேரம் தாமதமாக வந்தாள், பயிற்சி இழுத்துவிட்டதாம். வந்ததும் உட்காரக்கூட இல்லை. "ஸ்கோர் எழுதி எழுதிப் போரடிக்குது சார். எப்ப ஓட விடுவீங்க?"