கட்டி இழுக்காதீர்கள், ஊறவிடுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. வருடக்கணக்கில் வெட்டவெளியில் நின்ற பழைய டிராக்டர். இன்ஜின் சுற்றவில்லை என்றதும், இன்னொரு டிராக்டரில் சங்கிலி போட்டு, கியரில் வைத்து இழுத்திருக்கிறார்கள். சுற்றத்தான் செய்தது. கூடவே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடும் ஒன்று வளைந்து என்னிடம் வந்து சேர்ந்தது. "துருதானே, ஒரு இழுப்பில் விட்டுவிடும்னு நினைச்சோம்" என்றார் உரிமையாளர்.

இந்த 'துருதானே'வைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. துரு என்ன, மேலே ஒட்டிய சேறா? இரும்பு துருவாகும்போது பல மடங்கு உப்புகிறது. மரைக்குள் உப்புவதற்கு இடம் ஏது? ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். அங்கே ஸ்பேனரில் நாலடி பைப்பை மாட்டித் தொங்கினால் ஆப்பு அசையாது, போல்ட்டின் கழுத்துதான் முறுகும். முதலில் கொஞ்சம் இளகுவது போல, ரப்பரைத் திருப்புவது போல இருக்கும். "வருது, வருது" என்று சந்தோஷப்படுவீர்கள். வருவது தலை மட்டும். மீதியை டிரில் போட்டு எடுக்க எனக்கு அரை நாள்.

அடுத்து, டபிள்யூடி-40 ஸ்ப்ரேயை அடித்த கையோடு நெம்புபவர்கள். அது 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது; பெயரே 'நீர் விலக்கி, நாற்பதாவது முயற்சி' என்பதன் சுருக்கம்தான். இறுகிய மரைக்கு ஊடுருவும் எண்ணெய் என்றே தனியாக விற்கிறது, அதை வாங்குங்கள். முதலில் கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, போல்ட் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. பலமாக வேண்டாம், அதிர்ந்தால் போதும். காலை, மாலை, இரண்டு மூன்று நாள். அப்புறம் அறுமுனை பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு முதலில் ஒரு நூலளவு இறுக்கிப் பாருங்கள், பிறகு கழற்றுங்கள். மரை ஓரத்தில் எண்ணெய் செங்காவி நிறத்தில் கசிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கால் சுற்று வந்ததும் ஒரே மூச்சில் கழற்றிவிடாதீர்கள். திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே.

சூடு காட்டுவதென்றால் நட்டுக்குக் காட்டுங்கள், போல்ட்டுக்கு அல்ல. விரிய வேண்டியது வெளியே இருப்பது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மிலோ வீல் நட்டிலோ கேஸ் டார்ச் வைக்காதீர்கள், வெல்டிங்கும் வேண்டாம். "காற்றை இறக்கிட்டேனே" என்பார்கள். இறக்கினாலும் ஆபத்துதான். உள்ளே ரப்பர் சூட்டில் கருகி எரியும் வாயுவை விடும். டயர் குண்டு மாதிரி வெடிக்கும். டயரை ரிம்மிலிருந்து கழற்றிவிட்டு அப்புறம் தீயைப் பற்றவையுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்திலும் சூடு கூடாது. அதில் சில வகை சூடுபட்டால் நச்சு வாயுவாகிவிடும்.

இன்ஜினே பிடித்திருந்தால்? டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அதே எண்ணெயை ஊற்றி ஒரு வாரம், தேவைப்பட்டால் இரண்டு வாரம் விடுங்கள். பிறகு இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் பல்லில் கடப்பாரை நுனியை வைத்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். தளர்ந்ததும் இன்ஜெக்டரை மாட்டுவதற்கு முன்பே சுற்றி, எண்ணெயை வெளியே தள்ளிவிடுங்கள். எண்ணெய் காற்றைப் போல அமுங்காது. அதை உள்ளே வைத்து ஸ்டார்ட்டரை அழுத்தினால் அதற்கும் ராட் வளையும்.

இப்போது வந்த டிராக்டரைப் பிரித்தேன். பிஸ்டன் ஓடும் குழாயான லைனர் மூன்றில் இரண்டு கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருந்தன. மூன்றாவதில் மட்டும், பிஸ்டன் நின்ற உயரத்தில், விரல் அகலத்துக்கு ஒரு துரு வளையம். சைலன்சர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. குழாய் வாயில் ஒரு காலி டின்னைக் கூட யாரும் கவிழ்த்து வைக்கவில்லை.