காலியாகக் கிடக்கும் தண்டவாளத்தில் இடமில்லை

"ஒரு சின்ன ஸ்டேஷனில் எங்கள் வண்டியை இருபது நிமிஷம் போட்டுவிட்டார்கள். கேட்டால் எதிர் வண்டிக்கு வழிவிடும் கிராசிங்காம். கூடுதல் ரயில் விடச் சொன்னால் பாதையில் இடமில்லையாம். தண்டவாளம் பாதி நேரம் காலியாகத்தானே கிடக்கிறது?" கும்பகோணத்து வாசகர் ஒருவரின் கேள்வி.

காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் அது அடுத்த வண்டிக்கு உதவாத காலி.

விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வருவதற்குப் பெயர் மெயின் லைன். விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் பிற்பாடு போட்ட குறுக்குவழி, கார்டு லைன். இன்று குறுக்குவழி இரட்டைப்பாதை, மெயின் லைன் தஞ்சாவூர் வரை ஒற்றைப்பாதை. பேரில் மட்டும்தான் மெயின்.

தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் போகிறீர்கள், எதிரே இன்னொருவர் வருகிறார். ஒருவர் வயலில் இறங்கி ஒதுங்கலாம். ரயில் ஒதுங்க லூப் லைன், அதாவது பக்கத்தில் பிரிந்து மறுபடி சேரும் தண்டவாளம், உள்ள ஸ்டேஷன்தான் வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் உள்ள துண்டுதான் பிளாக் செக்‌ஷன். அதற்குள் ஒரு நேரத்தில் ஒரே வண்டி.

இதை உறுதிப்படுத்த அந்தக் காலத்தில் டோக்கன் என்று ஒரு இரும்புக் குண்டு இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த கருவி அது. இரு ஸ்டேஷன்களிலும் ஆளுக்கொரு பெட்டி, இரண்டையும் கம்பி இணைக்கும். அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்தால்தான் இந்தப் பக்கம் குண்டு வெளியே வரும். வந்ததும் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். குண்டைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கோத்து டிரைவரிடம் கொடுப்பார்கள். அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பி விழும்வரை இன்னொரு குண்டை எடுக்க முடியாது. கம்ப்யூட்டர் கிடையாது, ஆனாலும் இரண்டு டிரைவர்கள் கையில் ஒரே செக்‌ஷனின் குண்டு இருக்க வழியே இல்லை. இப்போது பல இடங்களில் குண்டு போய்விட்டது, விதி அப்படியே இருக்கிறது.

சரி, ஒரு நாளைக்கு எத்தனை வண்டி விடலாம்? ஸ்காட் சூத்திரம் என்று ஒரு சாதாரண வகுத்தல் கணக்கு உண்டு. நாளின் 1440 நிமிடத்தை, மெதுவான வண்டி மிக நீளமான செக்‌ஷனைக் கடக்கும் நேரத்தோடு சிக்னல், பாயிண்ட் (வண்டியைத் தடம் மாற்றும் அமைப்பு) வேலைக்கான நேரத்தையும் கூட்டி வகுக்க வேண்டும். பராமரிப்பு, தாமதம் எல்லாம் போக வந்ததில் 70 சதவீதம்தான் கைக்கு வரும். நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் 20 நிமிடம் எடுக்கிறது, சிக்னலுக்கு 5 என்று வையுங்கள். இரு திசையும் சேர்த்து 40 வண்டி. அந்தச் செக்‌ஷனின் நடுவே ஒரு லூப் லைன் போட்டால் 20 நிமிடம் 10 ஆகிறது. 40 வண்டி 67 ஆகிவிடும். சுமார் 700 மீட்டர் தண்டவாளம், அதற்கான சிக்னல்கள், அவ்வளவுதான்.

ஆனால் அவசரப்படாதீர்கள். பக்கத்திலேயே 18 நிமிடச் செக்‌ஷன் ஒன்று இருந்தால் இனி அதுதான் ராஜா. 67 கனவாகிவிடும், கிடைப்பது 44. வாய்க்காலில் ஒரு மதகை மட்டும் அகலப்படுத்திவிட்டு அடுத்த மதகை விட்டதுபோல.

நிதி விஷயத்தில் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். புதுப்பாதைக்கும் இரட்டைப்பாதைக்கும் போட்ட பணத்தில் ஆண்டுக்கு 14 சதவீதம் திரும்புமா என்று நீண்ட காலம் பார்த்தார்கள். பாதையில் இடமில்லாததால் வண்டி குறைவு, வண்டி குறைவதால் வருமானம் குறைவு, வருமானம் குறைவதால் பணம் இல்லை. இந்தச் சக்கரத்தை எந்தச் சூத்திரமும் பிடிப்பதில்லை. ரயில்வே பட்ஜெட்டில் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று சொல்லும் பிங்க் புக்கில் சில தமிழ்நாட்டுத் திட்டங்களுக்கு வெறும் 1000 ரூபாய் ஒதுக்கிய ஆண்டுகளும் உண்டு. திட்டம் சாகவில்லை என்று காட்ட ஒரு டோக்கன். இந்த டோக்கனுக்கு வண்டி நகராது.

தண்டவாளம் போட்டால் மட்டும் போதாது என்பதற்குத் திருவாரூர்–காரைக்குடி சாட்சி. மீட்டர் கேஜ் என்ற பழைய குறுகிய பாதையை அகலப்பாதையாக மாற்றி 2019-இல் வண்டி விட்டார்கள். சுமார் 150 கி.மீ. பாதை, ஆனால் கேட் கீப்பர்கள் போதவில்லை. அதனால் அவர்களையும் ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். ரோடு வந்ததும் வண்டி நிற்கும், ஆள் இறங்கி கேட்டை மூடுவார், வண்டி கடந்து மறுபடி நிற்கும், கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஏறிக்கொள்வார்கள். காரைக்குடி போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது.