கோதிக் கூட்டுச்சொற்கள் எல்லாம் கிரேக்கத்தின் நகல்களா?

ஆங்கிலம், ஜெர்மன் ஆகியவற்றின் உறவுமொழியும் இன்று வழக்கொழிந்ததுமான கோதிக்கின் கூட்டுச்சொற்களைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே முடிவோடுதான் தொடங்குகிறார்கள். 4ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா விவிலியத்தைக் கிரேக்கத்திலிருந்து பெயர்த்தபோது அச்சொற்களை எல்லாம் கிரேக்கச் சொற்களைப் பார்த்தே ஆக்கிக்கொண்டார் என்பதே அம்முடிவு. வரலாற்று மொழியியல் கற்பிக்கும் நான் மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி திருத்த நேரும் பிழை இது. எஞ்சியுள்ள கோதிக் எழுத்துப் பதிவுகளில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பே என்பதால் இந்த எண்ணம் எளிதில் எழுகிறது. ஆயினும் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே சோதிக்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது.

'ஃபத்ஸ்' என்பதையே எடுத்துக்கொள்வோம். தலைவன் என்று பொருள்படும் இச்சொல் வடமொழிப் 'பதி'யோடு ஒரே மூலம் உடையது. கோதிக்கில் கூட்டுச்சொல்லின் ஈற்றில் மட்டுமே காணப்படுகிறது. நூற்றுவர் தலைவனைக் குறிக்கும் 'ஹுந்தஃபத்ஸ்', கிரேக்க 'ஹெகடோன்டார்கோஸ்' என்பதோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்துப்போகிறது. யூதர் தொழுகைக்கூடத் தலைவனைச் சுட்டும் 'ஆர்கிசுனகோகோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலோ தலைமைப் பொருள் முதலில் நிற்கிறது. கோதிக் அதைப் புரட்டி, தன் மரபுப்படி முதன்மை உறுப்பை ஈற்றில் வைத்து, 'சுனகோகஃபத்ஸ்' என்கிறது. மணமகனுக்கு வழங்கும் 'ப்ரூத்ஃபத்ஸ்' என்பதற்கு மூலத்தில் உள்ள 'நும்ஃபியோஸ்' கூட்டுச்சொல்லே அன்று. ஆக, ஒரே ஈற்றுச்சொல்லை வைத்துக்கொண்டு பார்த்தாலே மூன்று வகை உறவுகள் தெரிகின்றன.

திராட்சைத் தோட்டமாகிய 'வீனகர்ட்ஸ்' இன்னும் தெளிவான சான்று. கிரேக்கத்தில் அதற்கு 'அம்பெலோன்' என்ற தனிச்சொல் உள்ளது. ஆனால் பழைய ஆங்கிலத்திலும் பழைய உயர் ஜெர்மனிலும் இதே அமைப்புடைய சொற்கள் இருப்பதால், இதன் தோற்றத்தை வுல்ஃபிலாவின் மேசையில் தேடுவது வீண். 'வீன்' என்னும் முன்னுறுப்பு மட்டும் இலத்தீனிலிருந்து வந்த கடன்.

கூட்டுச்சொல்லின் இரண்டு உறுப்புகளுக்கும் இடையே நிற்கும் இணைப்புயிரையும் கவனிக்க வேண்டும். பாதப்படியாகிய 'ஃபோட்டுபோர்ட்', கையால் செய்யப்பட்டது எனப் பொருள்படும் 'ஹந்துவோர்ஹ்ட்ஸ்' ஆகியவற்றில் முன்னுறுப்பின் உகரம் அப்படியே நிற்கிறது. அகரமோ சில இடங்களில் நிற்கிறது, சில இடங்களில் கெடுகிறது: 'வீனகர்ட்ஸ்' என்பதில் உள்ள அகரம், மதுப்பிரியனைக் குறிக்கும் 'வீன்ட்ருங்க்யா'வில் இல்லை. இதற்கு ஒரே விதி கற்பிக்க முயல்வோரை நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

கிரேக்கம் சொற்றொடராகச் சொல்வதைக் கோதிக் தொகையாக்குவதும் உண்டு. 'இதயத்தில் தூயோர்' என்று கிரேக்கம் பிரித்துச் சொல்வதைக் கோதிக் 'ஹ்ரைன்யஹெர்ட்ஸ்' என்று நம் அன்மொழித்தொகை போன்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

ஒப்பிடுவோர் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். வில்ஹெல்ம் ஷ்ட்ரைட்பெர்க் 1908இல் வெளியிட்ட பதிப்பில் கோதிக் பாடத்துக்கு எதிரே அச்சாகியுள்ள கிரேக்கம், வுல்ஃபிலா கையில் வைத்திருந்த பிரதி அன்று; பதிப்பாசிரியர் ஊகித்து மீட்டமைத்தது. இணையப் பட்டியல்களிலோ ஆர்வலர்கள் இக்காலத்தில் புனைந்த கோதிக் சொற்களும் கலந்திருக்கின்றன. ஏடுகளில் காணப்படாத ஊக வடிவம் என்று காட்டும் உடுக்குறி (*) இடப்படவில்லை என்பதற்காகவே ஒரு சொல்லைக் கண்டவுடன் ஏற்காமல், அது எந்த ஏட்டில், எந்த வசனத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.