அழிறப்பரைப் பறிப்பதற்கு முன்

தவணைப் பரீட்சை முடிந்து, பெற்றோர் கூட்டமும் நடந்து முடிந்தால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். "பிள்ளை கெட்டிக்காரன்தான், ஆனால் பேப்பரை முடிக்கிறான் இல்லை." "டொய்லட் போனால் அந்தப் பாடம் முடியும்வரை வகுப்புக்கு வாறாள் இல்லையாம்." "மிஸ்ஸிட்ட ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறானாம்." சோம்பல், பிடிவாதம் என்று பாடசாலையில் சொல்லியிருப்பார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்ததாக வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். இப்படி வருகிற பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது ஓ.சி.டி., அதாவது வேண்டாத எண்ணங்களும் அவற்றை அடக்கச் செய்யும் கட்டாயச் செயல்களும் திரும்பத் திரும்ப வருகிற நோய். அதோடு சேர்ந்து பதற்றமும் இருக்கும்.

இது அபூர்வ நோய் அல்ல. நூறு பிள்ளைகளில் ஒருவர் இருவருக்கு உண்டு. நாற்பது பேர் படிக்கும் வகுப்புகள் இரண்டு மூன்றை எடுத்தால் அதில் ஒரு பிள்ளையாவது இருக்கும். பத்து வயதையொட்டித் தொடங்குவது சாதாரணம். நமது ஊரில் அந்த வயதில்தான் புலமைப்பரிசில் பரீட்சை, அப்புறம் தரம் 6இல் புதுப் பாடசாலை, புது டீச்சர். பரீட்சை இந்த நோயை உண்டாக்குவதில்லை. உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

ஓ.சி.டி. என்றதும் கை கழுவுவதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கழுவுகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் மனதுக்குள்ளேயே எல்லாவற்றையும் செய்து முடிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வேண்டாத ஓர் எண்ணம் வரும். "இந்த வரியைச் சரியாக எழுதாவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது நடந்துவிடும்" என்று. இப்படியான கிறுக்கு எண்ணங்கள் நம் எல்லோருக்கும் வரும், வந்த வழியே போய்விடும். இந்தப் பிள்ளையால் அதைப் போகவிட முடியாது. பயத்தை அடக்க ஏதாவது செய்தாக வேண்டும்: வரியை அழித்து மறுபடி எழுத வேண்டும், மேசையை நான்கு தரம் தொட வேண்டும், மனதில் ஒரு தேவாரத்தைப் பிழையில்லாமல் முதலிலிருந்து சொல்ல வேண்டும். செய்ததும் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். அந்த ஆறுதல்தான் பொறி. "செய்ததால்தான் அம்மாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை" என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்ளும். அடுத்த தரம் பயம் இன்னும் பெரிதாக வரும்.

சாமி கும்பிடும்போது கெட்ட வார்த்தை மனதில் ஓடுகிறது என்று சொல்லும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் கண்ணை மூடினாலும் வரும், கொச்சிக்கடை அந்தோனியாருக்கு முன் முழந்தாளிட்டாலும் வரும். பிள்ளை அதைப் பாவம் என்று நினைத்து மாதக்கணக்கில் மறைக்கும். கடைசியில் அம்மாவிடம் சொன்னால், அம்மா பயந்துபோய் நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போவார். நூல் கட்டுவதை நான் தடுப்பதில்லை. அது குடும்பத்தின் நம்பிக்கை. ஆனால், "உனக்குள் ஏதோ புகுந்திருக்கிறது, அதை எடுக்க வேண்டும்" என்ற செய்தியோடு அந்த நூல் கட்டப்பட்டால், பிள்ளை தன் எண்ணத்துக்கு இன்னும் பயப்படும். ஐயரோ ஃபாதரோ, "இது நோய், பாவமில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

"எங்கள் வீட்டில் அம்மம்மாவும்தான் துடக்கு, முழுக்கு எல்லாம் பார்க்கிறா, அவவுக்கும் ஓ.சி.டி.யா?" என்று சில அப்பாமார் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நல்ல கேள்விதான். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு தரம் குளித்தால் அது முடிந்தது. தலையைத் துவட்டிவிட்டு அம்மம்மா தேத்தண்ணி குடிப்பார். நோயில் குளித்து முடிவதில்லை; சோப்பு இடது தோளில் சரியாகப் பட்டதா என்ற சந்தேகம் வரும், மீண்டும் வாளி நிரம்பும், வெளியே பாடசாலை வான் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும்.

இனி ஒரு கொப்பியின் கதை. (ஒரு பிள்ளையை அடையாளம் காட்டாமல் இருக்க, பலரிடம் பார்த்ததைக் கலந்து சொல்கிறேன்.) தரம் 7 பையன். கணிதக் கொப்பி எண்பது பக்கம். தவணை நடுவில் அதில் பாதிகூட இல்லை. நடுவில் தைத்த நூல் தொங்குகிறது. பிழையான பக்கத்தைக் கிழித்தால் அதன் சோடிப் பக்கமும் கழன்றுவிடும், அதனால் அதையும் கிழித்திருக்கிறான். மிஞ்சிய பக்கங்களில் சமன் குறி இருக்க வேண்டிய இடங்களில் ஓட்டை. அழித்து அழித்துத் தாள் தேய்ந்து பின்பக்கம் தெரிகிறது. கணக்கு ஒவ்வொன்றும் சரி. டீச்சர் கீழே சிவப்பில் எழுதியிருக்கிறார்: "சுத்தமாக எழுதவும்." அவரைக் குறை சொல்ல முடியாது. பார்க்கிற யாருக்கும் அது அசுத்தமான கொப்பிதான். ஆனால் அந்த வரியைப் படித்த பிள்ளை அன்று இரவு பன்னிரண்டு மணிவரை முழுக் கொப்பியையும் புதிதாக எழுதியிருக்கிறான்.

இந்த இடத்தில் வீட்டில் இரண்டு தவறான வழிகள் உண்டு. ஒன்று, அழிறப்பரைப் பறித்து எறிவது. பிள்ளை எச்சிலைத் தொட்டு விரலால் அழிப்பான், இல்லாவிட்டால் எழுதவே மாட்டான். மற்றது அன்பால் வருவது, அதனால் இன்னும் ஆபத்தானது: அம்மாவே உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது, அல்லது ஒவ்வொரு வரிக்கும் "சரி தம்பி, வடிவா இருக்கு" என்று சொல்வது. "அம்மா, ஒண்டும் நடக்காதுதானே?" என்று பிள்ளை கேட்கிறான். "ஒண்டும் நடக்காது" என்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்கிறான். அந்தப் பதில் பிள்ளைக்குப் போவதில்லை, நோய்க்குப் போகிறது. கதவை இரண்டு தரம் பூட்டிக் காட்டுவது, அவனுக்கென்று தனித் தட்டு வைப்பது, தங்கச்சியை அவன் கதிரையில் இருக்கவிடாமல் வைப்பது எல்லாம் இதே வகைதான். வெள்ளவத்தையில் ஒரு பாத்ரூமோடு இருக்கும் ஃப்ளாட்டில் ஒரு பிள்ளையின் ஓ.சி.டி.க்கு ஐந்து பேரும் சேர்ந்து சேவகம் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் மாறினால் பிள்ளை மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எலி லெபோவிட்ஸின் குழுவினர் பதற்றக் கோளாறுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைக்கே நேரடியாகக் கொடுக்கும் சிகிச்சைக்கு அது குறைந்ததல்ல என்று 2020இல் முடிவை வெளியிட்டார்கள்.

அதற்காக நாளை காலையிலிருந்து எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள். பிள்ளைக்கு முதலில் சொல்லுங்கள். பிறகு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறையுங்கள். திரும்பக் கேட்கும் கேள்விக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பதில் இதுதான்: "உனக்குப் பயமா இருக்கெண்டு எனக்கு விளங்குது. இதுக்கு முதலே பதில் சொல்லிட்டன். நீ தாங்குவாய், நான் பக்கத்திலதான் இருக்கிறன்." முதல் வாரம் அழுகை, கத்தல் எல்லாம் இருக்கும். அது எதிர்பார்த்ததுதான்.

பாடசாலையிலும் இதே பேச்சுத்தான் நடக்க வேண்டும். வீட்டில் பதில் கிடைக்காவிட்டால் பிள்ளை வகுப்பில் மிஸ்ஸிடம் கேட்கும். ஆகவே வகுப்பாசிரியரும் ஆலோசனை ஆசிரியரும் பெற்றோரும் ஒருதரமாவது ஒன்றாக இருந்து பேசுவது, எந்தக் கடிதத்தையும் விடப் பெறுமதியானது. "சகபாடிகளுக்குத் தெரிந்துவிடுமே" என்று மறைக்கிற பெற்றோர் அதிகம். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. யாருக்குச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்று பிள்ளையிடமே கேட்டு முடிவுசெய்யலாம். முழு வகுப்புக்கும் தெரிய வேண்டியதில்லை.

கொப்பிப் பையனுக்குச் செய்தது சின்ன விஷயங்கள்தான். கொஞ்ச நாளுக்கு வடிவான எழுத்துக்குப் புள்ளியும் இல்லை, குறிப்பும் இல்லை. பென்சிலுக்குப் பதில் பேனை. பிழைத்தால் ஒரு கோடு, அடுத்த வரி. அப்புறம் சிகிச்சையின் ஒரு பகுதியாக, டீச்சர் மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு எழுத்தை வேண்டுமென்றே கோணலாக எழுதி அப்படியே விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போக வேண்டும். முதல் நாள் அந்த ஒரு "க" அவன் முகத்தை வியர்க்க வைத்தது. பயம் ஏறும், உச்சிக்கு வரும், எதுவும் செய்யாமல் இருந்தாலும் தானாக இறங்கும் என்பதைப் பிள்ளை தன் உடம்பாலேயே படிக்க வேண்டும். உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் லண்டனில் தொடங்கிய இந்த நடத்தைச் சிகிச்சை முறைதான் இன்றுவரை ஓ.சி.டி. சிகிச்சையின் முதுகெலும்பு. பயிற்சி பெற்றவரின் வழிகாட்டலோடு, பிள்ளையின் சம்மதத்தோடு, இலேசானதிலிருந்து செய்ய வேண்டியது. பிள்ளைக்குத் தெரியாமல் திடீரென்று அழுக்கைத் தொடவைப்பது சிகிச்சை அல்ல, துன்புறுத்தல்.

பரீட்சையில் மேலதிக நேரம் கேட்கலாமா? விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் வசதிகள் செய்து கொடுப்பதுண்டு. அதிபர் ஊடாக, வைத்திய அறிக்கையோடு, நேரத்தோடு கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் என் அபிப்பிராயத்தில், வெறும் மேலதிக நேரம் ஓ.சி.டி.க்கு இன்னும் கொஞ்சம் அழிக்க நேரம் கொடுப்பதுதான். "ஒருதரம் மட்டும் திரும்பப் பார்க்கலாம்" என்ற பழக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தால் பயன். சலுகை எதுவானாலும் ஒவ்வொரு தவணையும் எடுத்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். பாடசாலைக்குப் போகாமல் வீட்டிலிருக்க "மெடிக்கல்" கேட்டு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். வீட்டில் கழியும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதைக் கடினமாக்கும். முதல் இரண்டு பாடத்துக்காவது போகட்டும். பின்னேரம் எட்டு மணிவரை போகும் டியூஷனைக் குறைப்பதில்தான் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மருந்து என்றால் "தூக்கக் குளிசையா?" என்று கேட்கிறார்கள். இல்லை. சேர்ட்ரலீன், ஃப்ளுவொக்செட்டீன் போன்றவை போதைக்கு அடிமையாக்குபவை அல்ல, பலன் தெரிய எட்டுப் பன்னிரண்டு வாரம் ஆகலாம், இடையில் நீங்களாக நிறுத்தக் கூடாது. தொடங்கிய முதல் வாரங்களில் பிள்ளை வழமைக்கு மாறாகப் படபடத்தாலோ, தன்னைக் காயப்படுத்துவது பற்றிப் பேசினாலோ உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள். 2004இல் அமெரிக்காவில் 112 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், நோய் அநேகமாக நீங்கியவர்கள் மருந்தும் நடத்தைச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 54, நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 21, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4. எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தேவைப்படாது என்பதும் இதிலேயே தெரிகிறது.

பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவ கிளினிக் உண்டு, பணம் கட்டத் தேவையில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பிள்ளை மனதில் ஓடுவதைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லத் தடுமாறினால், தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று முதலிலேயே கேளுங்கள். நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளைக்கு, காய்ச்சல் தொண்டை நோவுக்குப் பிறகு ஒரே நாளில் இதெல்லாம் தொடங்கினால் முதலில் சிறுவர் வைத்தியரிடம் காட்டுங்கள். வருவதற்கு முன் ஒரு வாரம், பிள்ளை எந்த நேரத்தில் என்ன கேட்டது, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். பிள்ளை கேட்டதைவிட நீங்கள் சொன்ன பதில்களின் பட்டியல்தான் எனக்கு அதிகம் உதவும்.