தாகத்துக்குத் தண்ணீர், ஆசைக்கு ஜிகர்தண்டா

பங்குனி பிறந்துவிட்டால் என் மேசைக்கு மூன்று பொருள்கள் வந்துவிடும்: ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு டீஸ்பூன், சமையலறைத் தராசு ஒன்று. மதுரையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். கோடையில் வருகிறவர்களுக்கு வாயால் சொல்வதைவிட இவற்றை வைத்துக் காட்டுவது எளிது.

ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை நோயை அழகாகக் கட்டுக்குள் வைத்திருந்தவர், ஒரு மே மாதக் கடைசியில் ரிப்போர்ட்டை நீட்டும்போதே கண் கலங்கியிருந்தார். மூன்று மாதச் சராசரி நன்றாக ஏறியிருந்தது. "ஸ்வீட்டு கையால தொடுறதில்ல மேடம். காப்பிக்குக்கூடச் சீனி கிடையாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வெயிலுக்கு என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "நன்னாரி சர்பத்து மட்டுந்தான். குளிர்ச்சியாச்சே, மூலிகைதானே!"

அலமாரியிலிருந்த சர்பத் பாட்டிலையும் டம்ளரையும் கொடுத்து, வீட்டில் ஊற்றுகிற மாதிரியே ஊற்றச் சொன்னேன். அளவெல்லாம் பார்க்காமல், பழகிய கையோடு ஊற்றினார். தராசில் 40 கிராம். சர்பத், சிரப் என்று விற்கிறவற்றில் கரைந்திருக்கும் பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் உணவு விதி. அதில் ஏறக்குறைய எல்லாமே சீனிதான். பாட்டில் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதே அதனால்தான். ஆக, அந்த 40 கிராமில் சீனி மட்டும் சுமார் 26 கிராம். ஒரு காகிதத்தை விரித்து ஐந்து ஸ்பூன் சீனியை ஒவ்வொன்றாகக் கொட்டினேன். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் குடித்திருக்கிறார். "இதையா குடிச்சேன்?" என்று கேட்டுவிட்டு, அந்தச் சீனிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த வழிகாட்டுதலின்படி, நாமாகச் சேர்க்கும் சீனி, தேன், பழச்சாற்றின் சர்க்கரை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் இதுதான் கணக்கு.

வருடா வருடம் இதையே பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. கோடையில் நம்மைக் கவிழ்ப்பது ஐஸ்கிரீமும் மாம்பழமும் அல்ல. அவற்றைச் சாப்பிடும்போது இனிப்பு சாப்பிடுகிறோம் என்று நமக்கே தெரியும், கொஞ்சம் பயமாவது இருக்கும். தாகத்துக்கு என்று குடிக்கிறோமே, அது இனிப்பாக இருப்பதுதான் வினை. தாகம் ஒரு நாளைக்குப் பத்து முறை வரும். பத்து முறையும் அதற்கு இனிப்பைக் கொடுத்தால் உடம்பு எங்கே போகும்? அதனால் தாகத்தையும் ஆசையையும் பிரித்து வையுங்கள் என்பதைத்தான் எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன். தாகத்துக்குத் தண்ணீர், நீர்மோர். ஆசைக்கு ஜிகர்தண்டா, குச்சி ஐஸ், மாம்பழம். ஆசைக்கு என்று உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுகிறவர் ஒன்றோடு நிறுத்திவிடுவார்.

முதலில் தாகம். நன்னாரி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பாட்டிலை விட்டு வேருக்கு வாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் வேராகவே கிடைக்கும். ஒரு கைப்பிடி வாங்கிக் கழுவி, அம்மியிலோ உரலிலோ தட்டினால் மேல்பட்டை தனியாக, நடுவில் இருக்கும் வெளிர்க் கட்டை தனியாகப் பிரியும். கட்டையை எறிந்துவிடலாம், மணமெல்லாம் பட்டையில்தான். கொதித்த தண்ணீரில் போட்டு மூடி, இரவு முழுக்க விட்டு, காலையில் வடிகட்டுங்கள். மண்ணும் மழையும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். அதில் கால் டம்ளர், மீதிக்குப் பானைத் தண்ணீர், அரை மூடி எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு. முதல் வாரம் ஒரு ஸ்பூன் சீனி போட்டுக் குடியுங்கள், அடுத்த வாரம் அரை. நாக்குக்கு இரண்டு மூன்று வாரம் தந்தால் போதும், பழகிவிடும். அந்த அம்மா இப்போது சீனியே போடுவதில்லை.

நீர்மோருக்கு ஒரு பங்கு தயிர் என்றால் நான்கு பங்கு தண்ணீர். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாவற்றையும் தட்டிப் போடுங்கள், மிக்ஸியில் அரைக்க வேண்டாம். இரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழாவில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றுகிறார்களே, அதைவிட நல்ல கோடை பானத்தை இன்றைக்கு வரை நான் கண்டுபிடிக்கவில்லை.

கம்பங்கூழைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கம்பில் இரும்புச்சத்து அதிகம், 100 கிராமில் 6 மில்லிகிராமுக்கு மேல். முந்தின நாளே புளிக்கவிட்டுக் கரைக்கிற கூழ் வயிற்றுக்கும் இதமானது. ஆனால் பலர் அதைக் குடிக்கிற பொருளாக நினைக்கிறார்கள். காலையில் நான்கு இட்லி, பதினொரு மணிக்கு வண்டிக்கடையில் ஒரு செம்பு கூழ், ஒன்றரை மணிக்கு முழுச் சாப்பாடு! கூழ் குடித்தால் அது ஒரு வேளைச் சாப்பாடு. காலை உணவாகவே அதைக் குடித்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், வத்தல், ஊறுகாய், கருவாடு என்று நான்கையும் அடுக்காமல் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு மோர்மிளகாயோடு நிறுத்துங்கள். நாள் முழுவதற்குமான உப்பே ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம்தான்.

சரி, ஜிகர்தண்டாவுக்கு வருவோம். மதுரைக்காரர்களிடம் ஜிகர்தண்டாவை விடச் சொன்னால் அடுத்த முறை என்னிடமே வர மாட்டார்கள். அதில் சேருபவற்றைத் தனித்தனியாகப் பாருங்கள்: சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி அல்லது பாதாம் பிசின், நன்னாரி சிரப், மேலே பாஸந்தியும் ஐஸ்கிரீமும். பாலிலும் பிசினிலும் ஒரு குற்றமும் இல்லை. இனிப்பு நான்கு இடத்திலிருந்து வருகிறது: பாலில் போட்ட சீனி, சிரப், பாஸந்தி, ஐஸ்கிரீம். நான்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

என் வீட்டில் செய்கிற முறை இது. ஒரு டீஸ்பூன் பாதாம் பிசினை இரவே நிறையத் தண்ணீரில் போட்டுவிடுவேன். காலையில் கண்ணாடிக் கட்டி மாதிரி கிண்ணம் நிறைய ஊதியிருக்கும், தூசி துரும்பை எடுத்துவிட்டு அலசிக்கொள்ள வேண்டும். நடுவில் கெட்டியாக இருந்தால் இன்னும் ஊற விடுங்கள். சரியாக ஊறாததைச் சாப்பிடக் கூடாது, அது வயிற்றுக்குள் போய் ஊதும். அரை லிட்டர் பாலை அடிகனமான சட்டியில், சிறு தீயில், ஓரத்தில் படிகிற ஆடையை வழித்து வழித்து உள்ளே விட்டு 300 மில்லியாகச் சுண்டவிடுங்கள். முக்கால் மணி நேரம் பிடிக்கும். சுண்டச் சுண்டப் பாலிலேயே ஒரு இனிப்பு ஏறும், நிறமும் லேசாகச் சிவக்கும். அந்த ருசிக்காகத்தான் இவ்வளவு பொறுமையும். இதில் மூன்று டீஸ்பூன் சீனி போதும். மூன்று பேருக்கு, தலைக்கு ஒன்று. ஆறியதும் பாதியைக் குளிரவைத்து, மீதியைத் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அரைகுறையாக உறையும்போது முள்கரண்டியால் சுரண்டினால் ஐஸ்கிரீமுக்குப் பதில் அதுவே ஆயிற்று. டம்ளரில் பிசின், வேரில் எடுத்த நன்னாரிச் சாறு இரண்டு ஸ்பூன், குளிர்ந்த பால், மேலே சுரண்டிய பால். கடையில் குடித்தது போலவே இருக்கும் என்று சொல்ல மாட்டேன், இனிப்பு குறைவுதான். ஆனால் பாலின் ருசி தெரியும். சர்க்கரை நோயாளிகள் சீனியையும் விட்டுவிட்டு அரை டம்ளர் குடிக்கலாம், வாரம் ஒரு முறை, மாலையில், சாப்பாட்டோடு சேர்க்காமல்.

நாட்டுச்சர்க்கரை போட்டால், கருப்பட்டி போட்டால் பரவாயில்லையா என்ற கேள்வி தினமும் வரும். மணம் உண்டு, கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. இரத்தத்தில் போய்ச் செய்கிற வேலை ஒன்றுதான். பானகத்துக்கு வெல்லம் போடுங்கள், சுக்கும் ஏலமும் தாராளமாகப் போடுங்கள், வெல்லத்தை மட்டும் சீனியை அளக்கிற அதே ஸ்பூனால் அளந்து போடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கும்போது அட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஐஸ்கிரீம் என்று மட்டும் போட்டு விற்க வேண்டுமானால் பால் கொழுப்பு 10 சதவீதமாவது இருக்க வேண்டும். ஃப்ரோசன் டெஸர்ட் என்று இருந்தால் அதில் தாவர எண்ணெய் சேர்த்திருப்பார்கள். இரண்டிலும் சீனி உண்டு. பால் வேண்டும் என்று நினைத்து எண்ணெய்க்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதைவிட நல்லது வீட்டுக் குச்சி ஐஸ். இளசான நுங்கு நான்கு, துவர்க்கிற தோலை உரித்துவிட்டு, ஒரு இளநீரோடும் அதன் வழுக்கையோடும் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. நுங்கு அங்கங்கே துண்டாக நிற்க வேண்டும், கூழாகக் கூடாது. சின்ன டம்ளர்களில் ஊற்றி, இரண்டு மணி நேரம் கழித்துக் குச்சியைக் குத்துங்கள், முன்னாலேயே குத்தினால் சாய்ந்துவிடும். சீனி வேண்டியதே இல்லை. செந்தூரம், இமாம்பசந்து மாதிரி பழம் இருந்தால் சதையோடு சம அளவு கெட்டித் தயிர் அடித்து அதையும் இப்படியே உறையவைக்கலாம். நுங்கு முற்றியிருந்தால் மட்டும் வேண்டாம், வயிற்றைப் பிசையும்.

பழத்தைப் பழமாகவே தின்னுங்கள். ஜூஸாக்கினால் மூன்று சாத்துக்குடி ஒரே மடக்கில் போய்விடும், நாரும் சக்கையில் போய்விடும். கடையில் குடித்தே ஆக வேண்டுமென்றால், "சீனி போடாதீங்கண்ணே, ஐஸ் வேண்டாம்" என்று மிக்ஸி ஓடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கரும்புச்சாற்றில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்குக்கு மேல் சர்க்கரைதான், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். தர்ப்பூசணியில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு 2025 கோடையில் பரவி, விற்பனை படுத்து, விவசாயிகள் நொந்துபோனார்கள். பழத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. வெட்டி, ஈ மொய்க்கத் திறந்து வைத்த துண்டுகளுக்குத்தான் பயப்பட வேண்டும். முழுப்பழமாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பழ ருசியில் அட்டைப் பெட்டிகளில் வருகிற பானத்தை வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுப்பது ஓஆர்எஸ் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அந்தப் பானங்களில் பலவற்றில் சர்க்கரை அதைவிடப் பல மடங்கு, அது வயிற்றுப்போக்கை இன்னும் கூட்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடிய பிறகு, இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லே வரக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் பொடிப் பாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கரைத்தால் உப்பின் அளவு தவறிவிடும்.

கடைசியாக இளநீர். சாதாரணமானவர்களுக்கு அருமையான பானம், தினம் ஒன்று குடிக்கலாம். ஆனால் சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். அதை வெளியேற்ற முடியாத உடம்பில் அது இரத்தத்தில் தேங்கும், இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். இரத்த அழுத்தத்துக்குத் தருகிற சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக் கூடியவை. இரண்டும் சேர்ந்த ஒரு பெரியவர் என்னிடம் வருகிறார். அவர் மகள் யாரோ சொன்னதைக் கேட்டு, அப்பாவின் உடம்பு குளிரட்டும் என்று தினம் இரண்டு இளநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கை கால் தளர்ந்து, அவசரப் பிரிவில் சேர்த்து, நல்ல வேளையாகப் பிழைத்தார். அந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்து, "நானே கொடுத்தேனே மேடம்" என்று அழுதது மறக்கவில்லை. பாசத்தோடு கொடுத்தது அது. யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடுதலாக இருந்தால் இளநீர், பழச்சாறு இரண்டையும் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். தண்ணீருக்கும் அவர்களுக்கு அளவு உண்டு.

அந்த மகள் இப்போது காலையிலேயே, மருத்துவர் சொன்ன அளவுத் தண்ணீரை ஒரு மண் கூஜாவில் ஊற்றி அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார். மணத்துக்காகக் கொஞ்சம் வெட்டிவேர் போடலாமா என்று மருத்துவரிடமே கேட்டுவிட்டுத்தான் போட்டாராம்.